படகுக்கு மின்சாரம்: கணக்குப் போட்டு வாங்குங்கள்

மின்வாரிய இணைப்பு வருவதற்கு முன், தோட்ட லயங்களில் கார் பேட்டரியை வைத்துத் தொலைக்காட்சி பார்த்த தலைமுறைக்கு ஒரு பாடம் தெரியும். படம் சுருங்கத் தொடங்கினால் பேட்டரி இறங்கிவிட்டது என்று பொருள். வீட்டில் அது ஏமாற்றம்தான். மலாக்கா நீரிணையில் நள்ளிரவில் நங்கூரமிட்ட படகில் அதுவே நடந்தால்? எஞ்சின் கிளம்பாது, உள்ளே புகுந்த நீரை இறைக்கும் பம்பும் நின்றுவிடும்.

ஆகவே முதல் விதி இது: எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வேறு, விளக்கு, விசிறிக்கான பேட்டரி வேறு. இரண்டையும் கலக்கக்கூடாது.

எவ்வளவு தேவை?

ஒரு நாளில் விளக்குகளுக்கு 100 வாட்-மணி, விசிறிக்கு 240, வானொலி, திசைகாட்டும் கருவிகளுக்கு 150, சிறிய குளிர்பெட்டிக்கு 500 என வைத்துக்கொள்வோம். மொத்தம் 990. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 83 ஆம்பியர்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 92. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 விழுக்காடு வரை பயன்படுத்தலாம். 120 ஆம்பியர்-மணி போதும். விலை அதிகம், எடையோ குறைவு.

சார்ஜர் எப்படி இருக்க வேண்டும்?

200 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிக்கு 20 முதல் 40 ஆம்பியர் சார்ஜர் பொருத்தம். அது சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் 13.5 அளவுக்குத் தானே இறங்க வேண்டும். லித்தியத்துக்கு அதற்கென்றே அமைந்த சார்ஜர் தேவை. எஞ்சினின் ஆல்டர்னேட்டரை லித்தியத்தோடு நேராக இணைத்தால் அது சூடேறிக் கருகக்கூடும். இடையில் டிசி-டிசி சார்ஜர் வைப்பது நல்லது.

இன்வெர்ட்டர் பெரிதா, சிறிதா?

விளக்கு, விசிறி, பம்பு ஆகியவற்றை 12 வோல்ட்டிலேயே வாங்கினால் இன்வெர்ட்டர் சிறிதாக இருந்தாலே போதும். குளிர்பெட்டியின் மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதைத் தாங்கும் 'தூய சைன் அலை' வகையே நல்லது. 1000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய கம்பி இதைத் தாங்காது, தீப்பிடிக்கும். தடித்த கம்பியும், பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸும் கட்டாயம்.

ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டமில்லாத அறையில் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.

சூரிய ஒளி கைகொடுக்குமா?

கேரளாவில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' பயணிகள் படகே சான்று. 75 பேர் அமரும் அப்படகின் கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள். உள்ளே 50 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி. டீசல் இல்லாமலேயே ஓடுகிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத மலாக்காவில் ஒரு சிறு படகின் விளக்கையும் விசிறியையும் ஓட்டக் கூரைத் தகடுகள் போதாதா என்ன?

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் எண்ணைவிட உங்கள் தாளில் உள்ள எண்ணே கடலில் உங்களைக் காக்கும்.