நாய் முடி கொட்டுதா? விரட்ட வேண்டாம், சீப்பை எடுங்க!



ஆடு, கோழி வளர்க்கிற வீட்டில் காவலுக்கு ஒரு நாய் கட்டாயம் இருக்கும். "காவலுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா பாயில முடி, குடத்துல முடி, சோத்துல முடி" என்று கூட்டங்களில் சகோதரிகள் அலுத்துக்கொள்வதைக் கேட்கிறோம். இதற்காகவே நாயை அடுத்த ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதற்கு அவசியமே இல்லை.

ஏன் கொட்டுகிறது?

பழைய முடி விழுந்து புது முடி முளைப்பது நாய்க்கு இயல்பு. சடை நாய்க்கு மேலே நீள முடியும், அடியில் பஞ்சு போன்ற முடியும் என்று இரண்டு அடுக்கு உண்டு. அதனால் அதிகமாகக் கொட்டும். குட்டை முடி உள்ள நாட்டு நாய்க்கும் கொட்டும். குட்டி போட்ட நாய்க்கு, பிள்ளை பெற்ற பிறகு நமக்குக் கொட்டுகிற மாதிரி, சில வாரம் கழித்துக் கொட்டும். வெறும் சோறு மட்டுமே தின்கிற நாய்க்கும் முடி வலுவிழந்து கொட்டும். வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்.

என்ன செய்யலாம்?

1. தினமும் 10 நிமிடம் வாசலில் வைத்துச் சீவுங்கள். சீப்பில் வருகிற முடி வீட்டுக்குள் பறக்காது. நாய்க்கென்று தனிச் சீப்பு இருக்கட்டும்.
2. குளிப்பாட்டும் முன் சிக்கு எடுங்கள். நனைந்தால் சிக்கு இறுகிவிடும்.
3. மாதம் ஒன்றிரண்டு முறை குளிப்பாட்டினால் போதும். துணி சோப்பு வேண்டாம், தோல் வறண்டு அரிப்பு வரும்.
4. வெயில் காலம் என்று மொட்டை அடிக்காதீர்கள். அந்த முடிதான் வெயில் தோலைச் சுடாமல் காக்கிறது. நிழலும் தண்ணீரும் வையுங்கள்.
5. அடுப்படிக்கும் படுக்கைக்கும் நாயை விடாதீர்கள். தண்ணீர்க் குடத்தை மூடி வையுங்கள்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

உடம்பெல்லாம் ஒரே சீராகக் கொட்டினால் பயமில்லை. அங்கங்கே வழுக்கை, சிவந்த தோல், பொருக்கு, ஓயாத சொறிதல், நாற்றம் இருந்தால் அது நோய். சொறி, படர்தாமரை, உண்ணி எதுவாகவும் இருக்கலாம். சில வகைச் சொறியும் படர்தாமரையும் நம் பிள்ளைகளுக்கும் ஒட்டும். உடனே கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். கழிவு ஆயில், மண்ணெண்ணெய், பினாயில் பூசவே கூடாது. நாய் அதை நக்கும். விஷம் உள்ளே போய் உயிருக்கே ஆபத்து.

நாய் முடி வயிற்றில் போனால் கட்டி வருமா?

பாட்டிமார் சொல்வதில் பாதி உண்மை. கட்டி முடியால் வருவதில்லை; முடியில் ஒட்டியிருக்கும் புழு முட்டையால் வரலாம். நீர்க்கட்டி உள்ள ஆட்டு ஈரல், நுரையீரலை நாய் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் ஒரு வகை நாடாப்புழு வளரும். முட்டை மலத்தில் வெளியேறி முடியிலும் ஒட்டும். நாயைத் தடவிய கையோடு சாப்பிட்டால் நம் உடம்புக்குள் போய், பல வருடம் கழித்து ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும். ஆடு வளர்க்கிற நாம் இதை மறக்கவே கூடாது.

ஆடு அறுத்த கழிவை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள். எல்லாக் குடற்புழு மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாது. "நாடாப்புழுவுக்கும் சேர்த்துக் குடுங்க" என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படியே வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

சீப்பு, சோப்பு, மருந்து: மூன்றும் இருந்தால் நாயும் நலம், வீடும் சுத்தம். அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, நாய் வளர்க்கிற உறுப்பினர்கள் சேர்ந்து ஒரே நாளில் மருந்தகம் போய் வாருங்கள்.