பார்த்தீனியமும் கரப்பான் நோயும்

1955ஆம் ஆண்டில் புனேயில் கவனத்திற்கு வந்த பார்த்தீனியக் களை, பின்னர் மராட்டிய மாநிலமெங்கும் தரிசுகளில் மண்டிவிட்டது. மும்பையின் விக்ரோலிப் பகுதியில், கேரட் இலை போன்ற இலையும் வெண்ணிறச் சிறு பூக்களும் உடைய இச்செடியைப் பள்ளி மைதானத்தில் காணும் ஆசிரியர், மாணவரைக் கொண்டு அதனைப் பிடுங்குவித்தல் ஆகாது. சிரமதானத்தின் பெயரால் இத்தவறு நேர்வதுண்டு.

இதிலுள்ள பார்த்தீனின் என்னும் பொருள், பன்முறை பட்டு ஒவ்வாமையுற்றவரின் தோலில் கரப்பானை, அதாவது எக்ஸிமாவை, உண்டாக்குகிறது. உலர்ந்த செடியின் துகள் காற்றில் பறப்பதால், செடியைத் தொடாதவருக்கும் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் தோன்றும். இது படையன்று, பிறருக்குத் தொற்றுவதுமன்று. ஆதலின் நோயுற்ற மாணவரையோ பணியாளரையோ ஒதுக்குதல் தகாது. துகள் பட்ட தோலை உடனே கழுவி, மருத்துவர் தரும் களிம்பைப் பூசுக. செடியைக் கையுறை அணிந்த பெரியவர்கள், பூக்கும் முன்னரே வேரோடு களைதல் வேண்டும்.