திமிங்கிலத்தின் பிராயம்

1935-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடாக் கரையோரமாகத் தாயும் கன்றுமாய் நீந்திச் சென்ற இரண்டு ரைட் திமிங்கிலங்களை மீன்பிடிக்கச் சென்ற சிலர் துரத்திக் கன்றைக் கொன்றனர். அச்சமயம் எடுத்த புகைப்படங்களில் தாயின் தலையும் பதிந்துபோயிற்று. அந்த இனத்தை வேட்டையாடலாகாது என்ற சர்வதேச உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். இவற்றின் தலையிலுள்ள சொரசொரப்பான தோல்தடிப்புகள் ஒன்றுக்கிருப்பதுபோல் மற்றொன்றுக்கு இருப்பதில்லை ஆகையால், பாஸ்டன் நகரத்து நியூ இங்கிலாந்து அக்வேரியத்தார் பிற்காலத்தில் தொகுத்த படப் பதிவேட்டில் அத்தாய்க்கும் 1045 என்ற எண்ணோடு ஓர் இடம் கிடைத்தது. அதனைக் கடைசியாகக் கண்டது 1995-இல். அப்பொழுது அதன் தலையில் கப்பலின் சுழல்விசிறி வெட்டிய பெரும் காயம் இருந்தது. இவ்வினம் முதற்கன்றை ஈனுவது ஏறக்குறையப் பத்தாவது பிராயத்தில் என்பதைக் கூட்டிப் பார்த்தால், அந்தத் தாய் எழுபது வருஷமாவது ஜீவித்திருக்க வேண்டும்.

அந்த ஒரு கணக்கை ஆதாரமாகக் கொண்டு, ரைட் திமிங்கிலத்தின் ஆயுள் எழுபது என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். எழுபதாவது வயதில் அது முதுமையால் மாளவில்லை, கப்பல் மோதிக் காயமுற்றது என்பதை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

இதன் நெருங்கிய உறவினமாகிய வில்தலைத் திமிங்கிலம் வேறொரு கதையைச் சொல்லிற்று. அலாஸ்காவின் வடகோடியில் இனுபியாட் மக்கள் தங்கள் உணவுக்காக வேட்டையாடும் திமிங்கிலங்களைப் பல்லாண்டு பரிசோதித்து, 2009-இல் அவற்றின் வளர்ச்சியைப் பற்றி டாக்டர் பட்ட ஆய்வேடு சமர்ப்பித்த கிரேக் ஜார்ஜ் என்பவரும் அவருடைய சகாக்களும் விழிவில்லையை ஆராய்ந்தனர். அதன் உட்கருவிலுள்ள புரதம் கர்ப்பத்திலேயே உண்டாகிப் பின்னர் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடுவது. அதிலுள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்தின் மூலக்கூறுகள் வருஷம் செல்லச் செல்ல ஒரு நிதானமான விகிதத்தில் தம் எதிர்வடிவமாகத் திரும்புகின்றன. எத்தனை பங்கு திரும்பியிருக்கிறது என்று அளந்தால் வயது கிடைக்கும். ஒரு ஆணுக்கு அவ்விதம் கிடைத்த மதிப்பு 211. நம்ப மறுத்தவர்களும் 2007-இல் பிடிபட்ட ஒன்றின் உடலிலிருந்து 1880-ஐ ஒட்டிய காலத்து வெடியீட்டியின் துண்டு எடுக்கப்பட்டபோது மௌனமாயினர்.

2024-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, நாற்பது வருஷத்துப் படப் பதிவுகளிலிருந்து ரைட் திமிங்கிலங்களின் ஆயுளையே கணித்தது. தென்கடல்களில் வாழும் இனத்தில் பத்தில் ஒன்று 130 வயதைக் கடக்கிறது; வடஅட்லாண்டிக் இனத்திலோ, பாதி விலங்குகள் 22 வயதை எட்டுவதற்குள் மடிகின்றன. ஒரே வார்ப்பான சரீரத்துக்கு இரண்டு ஆயுள்! இதற்குச் சுபாவம் காரணமல்ல, கப்பல்களும் சிங்கி இறால் கூண்டுகளின் கயிறுகளுமே காரணம் என்பது என் அபிப்பிராயம் மாத்திரமன்று, ஆராய்ச்சியாளர் முடிவும் அதுவே.

ஆயினும் நானூறுக்கும் குறைவாக எஞ்சியுள்ள ஓர் இனத்தில், வயதை அறியும்பொருட்டு விழியைத் தோண்டுவது யாருக்குச் சம்மதமாகும்? உயிரோடிருப்பதனிடமிருந்து அது தானாகவே உதறுவதையோ, வலி அறியாத அளவு கிள்ளியெடுப்பதையோ கொண்டுதான் காரியம் நடக்க வேண்டும். குறுக்குவில்லிலிருந்து பாயும் அம்பின் துளையுள்ள முனை விரல்நுனியளவு தோலும் கொழுப்பும் கவர்ந்துகொண்டு தெறித்து நீரில் மிதக்கிறது. அத்தோலின் டி.என்.ஏ.யில் ஒட்டியுள்ள மெத்தில் குறிகள் சில இடங்களில் வயதோடு கூடியும் சில இடங்களில் குறைந்தும் வருவதால், கூன்முதுகுத் திமிங்கிலங்களில் 2014-இல் மூன்று நான்கு வருஷப் பிழைக்குள் பிராயத்தைச் சொல்ல முடிந்தது.

ஆரோக்கியத்தை அறிந்த விதம் இதனினும் விசித்திரமானது. ஃபண்டி விரிகுடாவில் ராசலிண்ட் ரோலண்ட் என்னும் கால்நடை வைத்தியர், ஃபார்கோ என்ற ராட்வைலர் நாயைப் படகின் முகப்பில் நிறுத்தி, அது மோப்பம் பிடித்துத் தலை திருப்பும் திக்கிலெல்லாம் படகைச் செலுத்தி, செங்கல் நிறத்தில் மிதக்கும் திமிங்கிலச் சாணத்தை வலையால் அள்ளினார். துர்நாற்றம் சகிக்க முடியாதாம். ஆனால் கர்ப்பம், பட்டினி, மனக்கலக்கம் யாவற்றுக்கும் உரிய ஹார்மோன்கள் அதில் அடங்கியிருந்தன. 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் வீழ்ந்த மறுநாட்களில் கப்பல் போக்குவரத்து தணிந்து, கடலடி இரைச்சல் ஆறு டெசிபல் இறங்கியபொழுது, சாணத்திலுள்ள கலக்க ஹார்மோனும் இறங்கிற்று என்று 2012-இல் அவர் குழு வெளியிட்டது.

வயது, ஆரோக்கியம் என்ற இவ்விரண்டு விசாரணைகளும் உண்மையில் ஒன்றே. பத்து மீட்டர் நீளமுள்ள திமிங்கிலம் ஆரோக்கியமானதா என்று கேட்டால், அதன் வயது தெரியாதவரையில் விடை இல்லை. இரண்டு வயதுக் கன்றாயின் நன்று, பதினைந்து வயதுத் தாயாயின் அபாயம். வானூர்திப் படங்களையும் பதிவேட்டையும் இணைத்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு ஆய்வில், இக்காலத்தில் பிறக்கும் ரைட் திமிங்கிலம் 1981-இல் பிறந்ததைவிட ஒரு மீட்டர் குட்டையாகவே வளர்ந்து முடிகிறது என்று தெரிந்தது. கயிற்றில் ஒருமுறையாவது சிக்காதவை ஆறில் ஒன்றே. சிக்கியது கயிற்றை மாதக்கணக்கில் இழுத்துச் செல்கையில், வளர்ச்சிக்கும் கர்ப்பத்துக்கும் வேண்டிய கொழுப்பு அந்த இழுப்பிலேயே எரிந்துபோகிறது.

இந்த வேலையில் இறங்கும் டாக்டர் பட்ட மாணவருக்கு ஒரு நெருக்கடி உண்டு. ஆய்வேட்டுக்குக் கிடைக்கும் காலம் நாலைந்து வருஷம். மூன்றாண்டுக்கொரு முறை ஈன்ற தாய்கள் இப்பொழுது ஆறு, ஏழு, சில பத்து வருஷம் இடைவிட்டு ஈனுகின்றன. ஆகவே தாம் பிறப்பதற்கு முன் எவரோ குளிரில் நின்று எடுத்த படங்களையும், உறைபெட்டியில் வைத்துப்போன சாணத்தையும் நம்பியே அவர் எழுத வேண்டியிருக்கிறது. கன்றீனும் நிலையிலுள்ள தாய்கள் ஏறக்குறைய எழுபதே இருக்க, பல்லாண்டாக ஈனாத ஒரு பெண் திமிங்கிலம் முதுமையால் ஓய்ந்ததா, மெலிவால் நின்றதா என்ற கேள்விக்கு அவருடைய சோதனைச்சாலை விடை தர வேண்டும். ஓய்ந்ததாயின் செய்வதற்கொன்றுமில்லை. மெலிந்ததாயின், கயிறில்லாத கூண்டுகளை மீனவர் ஏற்பதும், கப்பல்கள் பத்து நாட் வேகத்துக்கு மேற்படாதிருப்பதும் அதனை மறுபடி ஃபுளோரிடாவுக்கு அனுப்பக்கூடும்.