புகை ஆசையை அடக்க மூளையைப் பழக்கலாம்

"பீடியை விட மனசு இருக்கு, கைதான் கேக்க மாட்டேங்குது" என்று அன்பர்கள் பலர் எம்மிடம் சொல்வதுண்டு. கேட்காதது கையல்ல, மூளை.

அமெரிக்காவில் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். புகைப்பவர்களை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்து, சிகரெட் படங்களைக் காட்டினார்கள். ஆசை எழும்போது மூளையில் ஓரிடம் சுறுசுறுப்பாவதை உடனுக்குடன் அவர்களுக்கே திரையில் காட்டினார்கள். அதைப் பார்த்தபடியே மனதை அடக்கி, அந்த வேகத்தைக் குறைக்கப் பழகினார்கள். ஆசையும் குறைந்தது. பழக்கம் முற்றாதவர்களுக்கே இது நன்றாகக் கைவந்தது.

இந்த முறை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. நம்ம டிஸ்பென்சரியில் கிடைக்காது. ஆனால் பாடம் நமக்கும் உண்டு. படத்தைக் கண்டாலே மூளை கிளம்புமென்றால், மடியில் பீடிக்கட்டு இருந்தால் சொல்லவும் வேண்டுமா? கட்டை வீட்டில் வைக்காதீர்கள். ஆசை எழுந்தால் தண்ணீர் குடித்து, சில நிமிடம் பொறுங்கள், அது தணியும். பழக்கம் முற்றுமுன் விடுவதே சுலபம்.