கல்லறைத் தோட்டத்தில் புதையல் வேட்டையா? 'ஜியோகேச்சிங்' சொல்லித்தரும் ஊர் வரலாறு

போனில் ஒரு ஆப். அதில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தேடிப் போனால் ஒரு சின்ன டப்பா. உள்ளே தங்கமும் இல்லை, பணமும் இல்லை. ஒரு நோட்டுச் சுருள் மட்டும்தான். அதில் உங்கள் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பெயர் ஜியோகேச்சிங்.

இதை அமெரிக்காவில் பலர் விளையாடும் இடங்களில் ஒன்று, 19-ம் நூற்றாண்டில் அங்கே குடியேறியவர்களின் பழைய கல்லறைத் தோட்டங்கள். 'கல்லறையில் போய் விளையாட்டா?' என்று கேட்கத் தோன்றுகிறதா? அமெரிக்காவிலேயே அந்தக் கேள்வி எழுந்து, சட்டமன்றம் வரை போயிருக்கிறது.

இது எப்படித் தொடங்கியது?

2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. நீங்கள் நிற்கும் இடத்தை 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மே முதல் வாரத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. துல்லியம் சுமார் 10 மடங்கு கூடியது.

அடுத்த நாளே, மே 3-ம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு, ஒரிகான் மாநிலத்தின் பீவர்கிரீக் பகுதியில் பாதி புதைத்து வைத்தார். அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். சில நாட்களிலேயே அதை ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இப்படி ஒளித்து வைக்கப்பட்டுள்ளன.

ஒரு சுவாரஸ்யம்: உல்மரின் வாளியில் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது. இன்றைய விதிப்படி நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தரையைத் தோண்டிப் புதைக்கவும் கூடாது, உணவுப் பொருள் வைக்கவும் கூடாது. அந்த முதல் வாளிக்கு இன்று அனுமதியே கிடைக்காது!

கல்லறைகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பீவர்கிரீக்குக்குப் பக்கத்தில் இருப்பது ஒரிகான் சிட்டி. 1840-களில் தொடங்கி, மிசூரியிலிருந்து சுமார் 3,200 கிலோமீட்டர் மாட்டு வண்டியில் வந்தவர்களின 'ஒரிகான் பாதை' முடிந்த ஊர் அது. வழியில் காலராவுக்குப் பலியானவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்கள் பண்ணை அமைத்தார்கள். பண்ணை ஓரத்திலேயே தங்கள் குடும்பத்தினரைப் புதைத்தார்கள். அந்தச் சின்னச் சின்ன மயானங்கள்தான் இன்று 'முன்னோடிக் கல்லறைகள்' எனப்படுகின்றன.

ஒரிகான் சட்டப்படி, 1909 பிப்ரவரி 14-க்கு முன் இறந்த ஒருவராவது புதைக்கப்பட்டிருந்தால் அது 'வரலாற்றுக் கல்லறைத் தோட்டம்'. ஏன் அந்தத் தேதி? ஒரிகான் 1859 பிப்ரவரி 14-ல்தான் மாநிலமானது. அதற்குச் சரியாக 50 ஆண்டுகள் கழித்து வரும் நாள் அது.

இவற்றில் பல, நெடுஞ்சாலையிலிருந்து ஒதுங்கி, ஆள் நடமாட்டமே இல்லாமல் கிடக்கின்றன. மேப்பில் ஒரு புள்ளி வைத்தால்தான் ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். ஜியோகேச்சிங் செய்வது அதைத்தான்.

டப்பாவைக் கல்லறை மேலேயா வைப்பார்கள்?

இல்லை. நன்றாக அமைக்கப்பட்ட கேச்களில் டப்பா பெரும்பாலும் கல்லறைகளை விட்டுத் தள்ளி, வேலி ஓரத்திலோ வெளியிலோதான் இருக்கும். கல்லறைக் கல்லில் இருப்பது க்ளூ மட்டும்.

உதாரணமாக, ஒரு கல்லில் '1819–1852' என்று இருக்கிறது என வையுங்கள். இறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை ஓரிடத்திலும், வயதை இன்னோரிடத்திலும் போட்டால் டப்பா இருக்கும் இடத்தின் எண்கள் கிடைக்கும். அந்தக் கணக்கைப் போடும்போதே, 'அட, 33 வயசுலயே போயிட்டாரா?' என்று மனம் நின்றுவிடும். பக்கத்துக் கல்லில் ஆட்டுக்குட்டி செதுக்கியிருந்தால் அது பெரும்பாலும் ஒரு குழந்தையின் கல்லறை. கோத்த கைகள் என்றால் கணவன் மனைவி, அல்லது பிரியாவிடை. ஒரே வருடத்தில் வரிசையாகக் குழந்தைகளின் கற்கள் இருந்தால், ஊரில் தொற்றுநோய் ஏதாவது வந்ததா என்று தேடத் தோன்றும். வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கல்லில் பெயரே இல்லாதவர்கள்?

இதுதான் முக்கியமான கேள்வி. போர்ட்லேண்ட் நகரின் 'லோன் ஃபிர்' கல்லறைத் தோட்டத்தில் 25,000-க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டுள்ளனர். அதில் ஒரு மூலைக்கு 'பிளாக் 14' என்று பெயர். அங்கே புதைக்கப்பட்டவர்களில் பலர் சீனத் தொழிலாளர்கள், ஒரு மனநலக் காப்பகத்தின் நோயாளிகள். 1940-களின் இறுதியில் சீனர்களின் எலும்புகள் எடுக்கப்பட்டு, வழக்கப்படி தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. 'எல்லாரையும் எடுத்தாச்சு' என்ற நம்பிக்கையில், 1950-களில் உள்ளூர் நிர்வாகம் அதன்மேல் ஒரு கட்டடம் கட்டிவிட்டது. 2000-களில் அந்த இடத்தை ஆய்வு செய்தபோது, மனித எச்சங்கள் இன்னும் அங்கேயே இருப்பது தெரியவந்தது. கட்டடம் இடிக்கப்பட்டது. அங்கே நினைவுத் தோட்டம் அமைக்க வேண்டும் என்று திட்டம் போடப்பட்டது.

'முன்னோடி' என்ற சொல்லிலும் சிக்கல் இருக்கிறது. அவர்கள் காலி நிலத்துக்கு வரவில்லை. கிளாக்கமஸ், கலப்புயா போன்ற பூர்வகுடிகள் ஏற்கெனவே வாழ்ந்த நிலம் அது. 1850-ல் வந்த நிலச் சட்டம், வெள்ளையின ஆணுக்கு 320 ஏக்கரும், திருமணமானவர் என்றால் மனைவி பெயரில் இன்னொரு 320 ஏக்கரும் இலவசமாகக் கொடுத்தது. ஆகவே, கல்லில் உள்ள பெயரைப் படிக்கும்போது, அங்கே யாருடைய பெயர் இல்லை என்றும் பாருங்கள்.

எதிர்ப்பு இருந்ததா?

இருந்தது. 2005-ல் தென் கரோலினா மாநிலத்தில், அனுமதி இல்லாமல் கல்லறைகளிலும் வரலாற்று இடங்களிலும் ஜியோகேச்சிங் செய்வதைக் குற்றமாக்கும் மசோதா வந்தது. கீழவையில் நிறைவேறியது; செனட்டில் நின்றுபோனது. ஆனால் அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. டப்பாவைத் தேடும் அவசரத்தில் ஒருவர் சாய்ந்த கல்லில் கை ஊன்றினால் போதும், 150 வருடக் கல் உடைந்துவிடும். அதனால்தான் நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் டப்பா வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி.

நீங்கள் போனால் கவனிக்க வேண்டியவை

- பகலில் மட்டும் போங்கள். இறுதிச் சடங்கு நடந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள்.
- கல்லில் சாய வேண்டாம், தேய்க்க வேண்டாம். எழுத்து தெரியவில்லை என்று ஷேவிங் க்ரீம், சாக்பீஸ் பூச வேண்டாம், கல் அரித்துவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தாலே எழுத்து தெரியும்.
- கல்லறையில் இருக்கும் பூ, பொம்மை எதையும் நகர்த்தாதீர்கள். அது டப்பா அல்ல, ஒருவரின் அன்பு.
- படம் எடுத்தால் 'ஃபைண்ட் எ கிரேவ்', 'பில்லியன்கிரேவ்ஸ்' தளங்களில் பதிவேற்றலாம். எங்கோ ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

இங்கே செய்ய முடியுமா?

ஜியோகேச்சிங் ஆப்பைத் திறந்தால் இந்தியாவிலும் புள்ளிகள் தெரியும். புள்ளியே இல்லாத இடத்துக்கும் இதே கண்ணோடு போகலாம். ஆபீஸ் வேலையாகக் கொல்கத்தா போனால், 1767-ல் திறக்கப்பட்ட சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். மொழியியலாளர் வில்லியம் ஜோன்ஸும், 22 வயதில் இறந்த கவிஞர் டெரோசியோவும் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே தேட டப்பா தேவையில்லை. ஒரு பெயர், இரண்டு வருடங்கள், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் என்ன நடந்தது என்று கேட்டாலே போதும்.