இரவில் கதவைத் திறக்கும் குட்டி மரம்

மாணவர்களே, கடைகளில் பணப்பெட்டிக்கு அருகே தடித்த, பளபளப்பான இலைகளைக் கொண்ட சிறு செடியைப் பார்த்திருப்பீர்கள். செல்வம் தரும் என்று பலர் நம்பி வைக்கும் ஜேட் செடி அது. சில ஆண்டுகள் முறையாக நறுக்கி வளர்த்தால், ஓர் அடி உயரத்திலேயே அது முதிர்ந்த மரம்போல் காட்சி தரும். ஆனால், வீட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே அழுகிச் சாகும் ஜேட் செடிகளும் உண்டு. அவற்றைக் கொல்வது பெரும்பாலும் வெயில் அல்ல. நாம் அன்போடு நாள்தோறும் ஊற்றும் தண்ணீர்!

'போன்சாய்' என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் 'தட்டில் நட்டது' என்று பொருள். ஆழமற்ற தொட்டியில் வளரும் சாதாரண போன்சாய் மரங்கள், வெயில் நாளில் ஒருமுறை நீர் தவறினாலும் வாடிவிடும். ஜேட் போன்ற சதைப்பற்றுச் செடிகளுக்கு இந்த விதி தலைகீழ். ஏன்?

பகலில் பூட்டு

ஜேட் செடியின் தாயகம் தென்னாப்பிரிக்காவும் மொசாம்பிக்கும். அங்கே வறண்ட பாறைச் சரிவுகளில் அது வளர்கிறது. இலைத்துளைகள் வழியாகக் கரிவளி உள்ளே வரும்போது, நீராவி வெளியேறிவிடும். எனவே, ஜேட் பகலில் துளைகளை மூடிவிட்டு, வெப்பம் தணிந்த இரவில் திறக்கிறது. இரவில் ஒளி இல்லாததால், உள்ளே வந்த கரிவளியை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமிக்கிறது. விடிந்ததும் அந்த அமிலத்திலிருந்து கரிவளியை மீட்டு ஒளிச்சேர்க்கை செய்கிறது. ஜேட் செடியின் குடும்பப் பெயர் கிராசுலேசியே. அதனால் இம்முறைக்குக் 'கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம்' என்று பெயர், சுருக்கமாகக் 'கேம்'.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது ரணகள்ளி. இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், அதன் இலை காலையில் புளிப்பதையும் பகலில் அப்புளிப்பு மறைவதையும் 1813-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இரவில் சேர்ந்த அமிலமே அந்தப் புளிப்பு.

இவ்வளவு சிக்கனமான செடி மண்ணிலிருந்து மெதுவாகவே நீரை எடுக்கும். மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வேருக்கு உயிர்வளி கிடைக்காது. பூஞ்சை தாக்கி வேர் அழுகிவிடும்.

மரமாக்குவது எப்படி?

ஒரு கிளையை நறுக்கி, வெட்டுப்பகுதி உலரும்வரை சில நாள்கள் நிழலில் வையுங்கள். ஈரக் காயத்துடன் நட்டால் கிருமி புகும். அடியில் துளையுள்ள மண்தொட்டியில், பெருமணலும் சிறு கற்களும் அதிகம் கலந்த மண்ணில் நடுங்கள். மழை நேரடியாகப் படாத, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். சாத்தே குச்சியை மண்ணில் ஆழமாகச் செருகி எடுங்கள். ஈரமில்லாமல் வந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள்.

செடி வேரூன்றி நன்கு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். நுனியில் உருவாகும் ஆக்சின் என்னும் இயக்குநீர் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனதும் இலைக்கணுவிலிருந்து பெரும்பாலும் இரண்டு கிளைகள் புறப்படும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். கம்பி கட்டி வளைக்க வேண்டாம். நீர் நிறைந்த மென்தண்டில் தழும்பு விழும், ஒடிந்தும் போகலாம்.

செய்து பாருங்கள்

பள்ளிக்குப் புறப்படுமுன் ஓர் இலையைப் பறித்து, சில துளி நீர் விட்டு நசுக்குங்கள். அச்சாற்றில் பொதுக்காட்டித் தாளை நனைத்து நிறத்தைக் குறியுங்கள். மாலையில் அதே செடியின் அதே அளவுள்ள மற்றோர் இலையைச் சோதியுங்கள். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். சில சதைப்பற்றுச் செடிகள் நஞ்சுடையவை.

எந்த நேரத்துச் சாற்றில் அமிலம் அதிகமாக இருக்கும்? தாளை நனைக்கும் முன்பே உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள்.