ஒரே ஊர், பல சமூகங்கள்: நோய்க்குக் காரணம் மரபா, பழக்கமா, இடமா?

கொச்சி: கேரள மாநிலம் கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் குஜராத்தியர், சமணர், கொங்கணியர், கச்சி மேமன்கள், தமிழர், லத்தீன் கத்தோலிக்கர் எனப் பல சமூகத்தினர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். மொழியிலும் உணவிலும் வேறுபடும் இவர்களுக்கு வரும் நோய்களும் வேறுபடுமா என்ற கேள்விக்கு, அப்பகுதியின் நோய் வரலாறே விடை தருகிறது.

சாபம் எனக் கருதப்பட்ட நோய்

யானைக்கால் நோயை ஐரோப்பியர் ஒருகாலத்தில் 'கொச்சிக் கால்' என்றே அழைத்தனர். புனித தோமையாரைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்கள் மீது விழுந்த சாபம் என்ற கதையும் அந்நாளில் வழங்கியது. நோய்க்கான காரணம் ஒரு குலத்தின் மீது சுமத்தப்பட்டது.

இந்நோயின் புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் சீனாவில் பணியாற்றிய மருத்துவர் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். கொச்சி நகரில் இந்நோயைப் பரப்புவது, சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு. தெற்கே உள்ள சேர்த்தலையில் பரவியதோ வேறு வகைப் புழு. அதைச் சுமக்கும் மான்சோனியா கொசு, ஆகாயத்தாமரை போன்ற நீர்த்தாவரங்களைச் சார்ந்து வளர்கிறது. குலமன்று, வீட்டருகே தேங்கும் நீரே இந்த வேறுபாட்டைத் தீர்மானித்தது.

பழக்கம் தரும் வேறுபாடு

சில வேறுபாடுகள் உணவிலிருந்து வருகின்றன. வைட்டமின் பி12 இயற்கையில் விலங்குவழி உணவுகளிலேயே போதிய அளவில் கிடைப்பதால், பாலும் குறைவாக அருந்தும் சைவ உணவினருக்கு அதன் பற்றாக்குறை ஏற்படும் வாய்ப்பு அதிகம். மீனும் இறைச்சியும் உண்போருக்கு இந்த ஆபத்து குறைவு.

ஆனால் சர்க்கரை நோய் சமூக எல்லைகளைக் கடந்து நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 11.4 சதவீதம் பேருக்கு இந்நோய் உள்ளது. கேரளத்தில் இது 25.5 சதவீதம். ரொட்டியானாலும் சோறானாலும், மாவுச்சத்து மிகுந்து உடலுழைப்பு குறைந்தால் விளைவு ஒன்றே.

மரபின் பங்கு

மரபுக்குப் பங்கே இல்லை எனவும் கூற இயலாது. ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட இந்தியர் உடலில் கொழுப்பின் விகிதம் பொதுவாக அதிகம். எனவே, உடல் நிறை குறியீடு 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்ற உலக அளவீட்டுக்கு மாறாக, இந்தியர்களுக்கு 23 என்ற வரம்பு பின்பற்றப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற வரம்புக்குள் இருப்பது நல்லது.

தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் புரியும் சமூகங்களில் அரிய மரபணுக் குறைபாடுகள் தங்கிவிடுவதும் உண்டு. ஆரிய வைசியர் சிலருக்கு ஒரு நொதி குறைவாக இருப்பதால், அறுவை சிகிச்சையின்போது தரப்படும் குறிப்பிட்ட தசைத் தளர்த்தி மருந்தின் விளைவு நெடுநேரம் நீடிக்கும். இத்தகைய நிலையில் நோயாளியின் சமூகப் பின்னணியை மருத்துவர் கேட்டறிவது உயிர்காக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

சமூகப் பின்னணி மருத்துவருக்கு ஒரு குறிப்பு மட்டுமே. அதுவே நோய்க்குக் காரணம் ஆகிவிடாது. 'இது எங்கள் குடும்ப நோய்' என்று விட்டுவிடுவதும், 'எங்கள் உணவுக்கு இது வராது' என்று நம்புவதும் சிகிச்சையைத் தாமதப்படுத்தும்.

30 வயதைக் கடந்தோர் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் அரசு சுகாதார மையங்களில் பரிசோதித்துக் கொள்ளலாம். யானைக்கால் புழுக்கள் பெரும்பாலும் இரவிலேயே ரத்தத்தில் தென்படுவதால், அதற்கான ரத்த மாதிரி இரவில் எடுக்கப்படுகிறது. இந்நோயை 2027-க்குள் ஒழிக்க இந்தியா இலக்கு நிர்ணயித்துள்ளது. அண்டை நாடான இலங்கை 2016-லேயே அதைச் சாதித்துவிட்டது.